மொட்டை மாடி மழை

அடைமழைக்கு முன்னால் எங்கள் குடியிருப்பில் மாடி மழைநீரை மண்ணுக்குள் இறக்கும் மழைநீர்க் குழியைத் திறந்து பார்த்தோம். கூழாங்கல் மேல் ஒரு முழத்துக்குச் சேறு. 2003-ல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானபோது கட்டியது, அப்புறம் யாரும் தொடவேயில்லை போல. நாலு பேர் சேர்ந்து ஞாயிறு காலை முழுக்கச் சேற்றை வாரி, கல்லைக் கழுவி, புது மணல் கொட்டினோம். முதுகு இன்னும் வலிக்கிறது, ஆனால் மனசு நிறைந்திருக்கிறது.

1,000 சதுர அடி மாடியில் 1 சென்டிமீட்டர் மழை பெய்தாலே 900 லிட்டருக்கு மேல். சென்னையில் வருஷத்துக்குச் சராசரியாக 140 சென்டிமீட்டர் பெய்கிறது. அதாவது ஒரு லட்சம் லிட்டருக்கும் அதிகம், அத்தனையும் சாக்கடைக்கா?

2015 டிசம்பரில் மூழ்கிய ஊருக்குத்தான் 2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. காற்று சூடாக ஆக அதிக ஈரத்தைப் பிடித்துவைக்கும். கொட்டினால் ஒரேயடியாகக் கொட்டும். காற்றைச் சூடாக்கும் கரியமில வாயுவைக் குறைக்கச் சொல்லி அரசையும் ஆலைகளையும் கேட்டுக்கொண்டே இருப்போம். குழியைத் தூர்வார யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.

இந்த வாரம் உங்கள் வீட்டுக் குழியின் மூடியை ஒரு தடவை தூக்கிப் பாருங்கள். மாடிக் குழாய் வாயில் சருகு அடைத்திருக்கிறதா என்றும் பாருங்கள்.