மலப் பரிசோதனையில் நேரமும் முறையும்

குடலில் ஒட்டுண்ணி இருக்கிறதா என்று பார்க்கும் மலப் பரிசோதனைக்கு எங்கள் ஆய்வகத்துக்கு டப்பா வந்ததும் நான் கேட்கும் முதல் கேள்வி, "எப்போது எடுத்தது?" என்பதுதான். சிலர் கூச்சப்படுவார்கள். ஆனால் அந்த நேரம் தெரியாமல் ஸ்லைடு போடுவதில் பெரிய பயன் இல்லை. தண்ணீராகப் போன மலம் என்றால் அரை மணி நேரத்துக்குள் பார்த்துவிட வேண்டும். அமீபா ஊர்வது அப்போதுதான் தெரியும். தாமதமானால் அது அசைவற்று உருண்டுவிடும், சீழ் அணுவா அமீபாவா என்று குழப்பும். கெட்டியான மலத்தில் பெரும்பாலும் சிஸ்டும் (ஒட்டுண்ணி கூடுகட்டி உறங்கும் நிலை) புழு முட்டையும்தான் இருக்கும், அவை காத்திருக்கும்.

ஸ்லைடில் ஒரு பக்கம் சலைன் என்ற உப்புக் கரைசல், இன்னொரு பக்கம் அயோடின். இரண்டிலும் குச்சி முனையளவு மலத்தைக் கரைத்துக் கவர் ஸ்லிப் வைக்கிறோம். அடியில் அச்சிட்ட தாளை வைத்தால் எழுத்து படிக்கும்படி இருக்க வேண்டும், அதுதான் சரியான தடிமன். சலைனில் ஜியார்டியா என்ற குடல் ஒட்டுண்ணி உதிரும் இலைபோலப் புரண்டு போவதைப் பார்க்கலாம். அயோடின் அந்த அசைவை நிறுத்திவிடும், ஆனால் சிஸ்டின் உட்கருக்களை எண்ணவிடும். முதிர்ந்த சிஸ்டில் 8 இருந்தால் தீங்கில்லாத கோலை அமீபா. 4 இருந்தால் சீதபேதி தரும் ஹிஸ்டோலிடிகா அமீபாவாக இருக்கலாம். அதே தோற்றமுள்ள, நோய் தராத டிஸ்பாராகவும் இருக்கலாம். இந்த இரண்டையும் பிரிக்க ஒட்டுண்ணியின் புரதத்தைத் தேடும் ஆன்டிஜென் அல்லது மரபணுவைத் தேடும் பிசிஆர் பரிசோதனை வேண்டும்.

இந்த நேரடி ஸ்லைடில் நாம் பார்ப்பது சுமார் 2 மில்லிகிராம் மலம் மட்டுமே. முட்டைகள் குறைவாக இருந்தால் தப்பிவிடும். அதனால்தான் செறிவூட்டல், அதாவது நிறைய மலத்திலுள்ள முட்டைகளை ஓரிடத்தில் திரட்டுவது. சுமார் ஒரு கிராம் மலத்தை 10 சதவீத ஃபார்மலின் என்ற பதப்படுத்தும் திரவத்தில் கரைத்து வடிகட்டி, கொழுப்பைக் கரைக்கும் ஈதர் சேர்த்துக் குலுக்கி, சென்ட்ரிஃபியூஜில் சுழற்றுவோம். குழாயில் நான்கு அடுக்கு நிற்கும்: மேலே ஈதர், அடுத்து கொழுப்பும் கசடும் சேர்ந்த அடைப்பு, பிறகு ஃபார்மலின், அடியில் வண்டல். குச்சியால் அடைப்பின் ஓரத்தைச் சுற்றி விடுவித்து, மேல் மூன்று அடுக்கையும் ஒரே வீச்சில் கவிழ்க்க வேண்டும். தயங்கினால் கசடு திரும்ப வழிந்து வண்டலில் சேர்ந்துவிடும். எனக்கு மிகவும் பிடித்த வேலை இது. ஆனால் ஃபார்மலின் எல்லாவற்றையும் கொன்றுவிடுவதால், ஊர்வதைப் பார்க்க நேரடி ஸ்லைடும் வேண்டியிருக்கிறது.

முட்டைகளை எண்ண வேண்டுமென்றால் காட்டோ-காட்ஸ் முறை. 41.7 மில்லிகிராம் பிடிக்கும் அச்சில் அளந்து, கிளிசரினில் ஊறிய செலோபேன் தாளால் மூடி, எண்ணியதை 24ஆல் பெருக்கினால் ஒரு கிராமுக்கான கணக்கு. இதிலும் நேரம்தான் முக்கியம்: ஒரு மணி நேரம் தாண்டினால் கொக்கிப்புழு முட்டை கிளிசரினில் தெளிந்து கண்ணுக்கே தெரியாமல் போய்விடும்.

என் வருத்தமெல்லாம் "ஒட்டுண்ணி காணப்படவில்லை" என்ற ஒற்றை வரியைப் பற்றித்தான். ஜியார்டியா எல்லா நாளும் மலத்தில் வெளிவராது, அதனால் வெவ்வேறு நாட்களில் மூன்று சாம்பிள் கேட்கிறோம். கீரைப்பூச்சி முட்டையிடுவது ஆசனவாயைச் சுற்றித்தான். அதற்குக் காலையில் கழுவும் முன் ஒட்டும் டேப்பால் எடுத்த மாதிரி வேண்டும். ஸ்ட்ராங்கிலாய்டிஸ் என்ற புழுவின் லார்வாவுக்கு (இளம்புழு) அகர் என்ற கூழ் நிரப்பிய தட்டில் வளர்ப்பு தேவைப்படலாம். இதெல்லாம் தெரிந்த மருத்துவருக்குக்கூட, அன்று எந்த முறையில் பார்த்தோம் என்பது ரிப்போர்ட்டில் இல்லாவிட்டால் எப்படித் தெரியும்? முறையையும் சாம்பிள் வந்த நேரத்தையும் முடிவுக்குக் கீழே எழுதிவிட்டுத்தான் நான் கையெழுத்துப் போடுகிறேன்.