மஜந்தா கோட்ட அணைச்சதும் கடல்ல விழுந்தேன்

போன மாசம் என் பிறந்தநாளுக்கு வீட்டம்மா ஒரு சிமுலேட்டர் டிக்கெட் வாங்கிக் குடுத்தாங்க, மால்ல இருக்குமே, 737 காக்பிட் மாதிரியே செட் போட்டு ஒரு மணி நேரம் ஓட்ட விடுவாங்க, அதான். சின்ன வயசுலேர்ந்தே நான் பிளேன் பைத்தியம், நம்ம சிங்கப்பூர் சாங்கி பீச்ல பாய் விரிச்சு உக்காந்து தலைக்கு மேல இறங்குற ஒவ்வொண்ணையும் பேர் சொல்ற ஆளு. ஜூன்லேர்ந்து செப்டம்பர் வரைக்கும் தெக்குலேர்ந்து காத்து அடிக்கும்போதுதான் வடக்கால வந்து பீச்சுக்கு மேலயே இறங்கும், அது கூட தெரியும். அதனால லேண்டிங் என்ன பெரிய விஷயம்னு ஒரு தெனாவெட்டு.

சிமுலேட்டர்ல முதல் தடவை சாங்கி ஏர்போர்ட் 02 லெஃப்ட் ரன்வேல அழகா இறக்கிட்டேன். ஸ்கிரீன்ல மஜந்தா கலர்ல ஒரு சிலுவை மாதிரி கோடு இருக்கும், அது எங்க போகுதோ அங்க மூக்க வெச்சா போதும், ஸ்பீட, என்ஜின் பவரத் தானாவே கூட்டிக் கொறைக்கிற ஆட்டோ த்ராட்டில் பாத்துக்கும். சொல்லிக்குடுக்கிற தம்பி சிரிச்சிட்டே "அண்ணே, இப்ப எல்லாத்தையும் அணைச்சிர்றேன், வெளிய பாத்து இறக்குங்க"ன்னாரு. நல்ல வெயில், மேகமே இல்ல, ரன்வே முழுசா கண்ணு முன்னாடி. ரன்வேக்கு முன்னாடியே இறங்கிடுவோம்னு தோணுச்சு, மூக்கத் தூக்கினேன், இன்னும் தூக்கினேன், கண்ணு ரன்வேயிலயே ஒட்டிக்கிச்சு, ஸ்பீட் என்னன்னு ஒரு தடவை கூட பாக்கல. ஸ்பீட் ரொம்பக் கொறஞ்சிருச்சுன்னு எச்சரிக்க கையில ஸ்டிக் கடகடன்னு நடுங்குச்சு, அவ்ளோதான், ஈஸ்ட் கோஸ்ட் தாண்டுறதுக்கு முன்னாடியே கடல்.

மச்சினன் நிஜ பைலட். லீவுல வந்திருந்தான், சாங்கி வில்லேஜ்ல நாசி லெமாக் சாப்பிடும்போது இதச் சொன்னா விழுந்து விழுந்து சிரிப்பான்னு பாத்தேன், சிரிக்கல. "மாமா, சான் ஃபிரான்சிஸ்கோல நடந்ததும் கிட்டத்தட்ட இதுதான்"னான்.

2013 ஜூலை 6. ஏசியானா 214, இன்சியான்லேர்ந்து வந்த 777, 307 பேர். அன்னிக்கும் நல்ல வெளிச்சம். ரன்வே வேலை நடந்ததால 28 லெஃப்ட்ல கிளைட் ஸ்லோப்ப நிறுத்தி வெச்சிருந்தாங்க. ஐ.எல்.எஸ்.ன்னா ரன்வேகிட்ட இருக்கிற ரெண்டு ஆன்டெனா, ஒண்ணு இடது வலது சொல்லும், இன்னொண்ணு மேல கீழ, அந்த ரெண்டாவதுதான் கிளைட் ஸ்லோப். 3 டிகிரி சரிவு, அதாவது ஒரு நாட்டிகல் மைலுக்கு 300 அடிக்குக் கொஞ்சம் மேல இறங்கணும். அது இல்லன்னா கண்ணாலதான் பாக்கணும், உதவிக்கு ரன்வே ஓரத்துல 4 லைட், ரெண்டு வெள்ளை ரெண்டு சிவப்புன்னா சரியான உயரம்.

ஓட்டினவர் 777க்குப் புதுசு, பயிற்சியில இருந்தாரு, பக்கத்துல இன்ஸ்டிரக்டர். ரொம்ப உயரத்துல வந்துட்டாங்க, சீக்கிரம் இறங்கறதுக்கு ஒரு மோட போட்டாரு, ஆனா மேல செட் பண்ணியிருந்த உயரம் 3000 அடி, அதனால பிளேன் ஏறப் பாத்துச்சு. உடனே ஆட்டோபைலட்ட எடுத்துட்டு த்ராட்டிலக் கையால பின்னால இழுத்தாரு. அந்த மோடுல இருக்கும்போது அப்படி இழுத்தா ஆட்டோ த்ராட்டில் 'சரி, நீயே பாத்துக்க'ன்னு ஒதுங்கிடும், ஆன்ல இருக்கிற மாதிரியே தெரியும் ஆனா ஸ்பீடப் பாக்காது. அவரு அது பாத்துக்கும்னு நெனச்சிட்டாரு. 137 நாட் இருக்க வேண்டியது 103 வரைக்கும் போச்சு, லைட் நாலும் சிவப்பு, அதாவது ரொம்பக் கீழ, கடைசி சில வினாடியிலதான் முழிச்சிருக்காங்க, பின்பக்கம் கடல் தடுப்புச் சுவர்ல அடிச்சு வால் பிஞ்சு போச்சு. 3 பேர் செத்துட்டாங்க. ஆட்டோபைலட் இல்லாம பறக்கிறத ஊக்குவிங்கன்னு அமெரிக்க விமானத் துறை அமைப்பு எஃப்.ஏ.ஏ. விமானக் கம்பெனிங்களுக்கு எழுதினது அதே வருஷம் ஜனவரி, ஆறு மாசம் முன்னாடி.

எனக்கு வயித்தப் பெசஞ்சது வேற ஒண்ணு. விசாரணையில அந்த பைலட், பெரிய பிளேன விஷுவலா இறக்கறது தனக்கு ரொம்ப டென்ஷனா இருந்துச்சுன்னு சொல்லியிருக்காரு, மத்தவங்க எல்லாம் அப்படித்தான் இறக்குறாங்க, நான் மட்டும் முடியாதுன்னு எப்படி சொல்றதுன்னு. ஆபீஸ்ல நாம சொல்லாம முழுங்கிற விஷயந்தானே.

"அப்ப மெஷின நம்பி சோம்பேறி ஆயிட்டீங்க"ன்னேன். மச்சினனுக்குக் கோவம் வந்திருச்சு. சோம்பேறித்தனம் இல்ல மாமா, பல கம்பெனியில ஆட்டோமேஷன எவ்ளோ முடியுமோ அவ்ளோ யூஸ் பண்ணுன்னுதான் ரூலே, கையால ஓட்டி கொஞ்சம் கோணலாப் போனா டேட்டா ரெக்கார்ட் ஆயிடும், அப்புறம் கூப்பிட்டுக் கேப்பாங்க, யாரு வம்ப வெலைக்கு வாங்குவா. வெளிய இருக்கிறவங்க நெனைக்கிற மாதிரி பிளேன் தானா இறங்கிறதும் இல்ல, பெரும்பாலான லேண்டிங்ல கடைசிக் கட்டம் பைலட் கையிலதான், ஆனா அந்தக் கடைசிக் கட்டம் ரொம்பக் குட்டி, கோட்டப் பாத்து வந்து சேர்ந்த அப்புறம் வர்ற கொஞ்ச தூரம்.

நான் உடனே கட்சி மாறி, அப்ப கண்ணாலதான் இறக்கணும்னு சொன்னேன். அதுக்கும் ஒண்ணு வெச்சிருந்தான். அதே சான் ஃபிரான்சிஸ்கோ, 2017 ஜூலை 7, ராத்திரி, ஏர் கனடா ஏ320. பக்கத்து ரன்வே மூடி லைட் அணைஞ்சு கிடந்துச்சு, அதனால இவங்க இறங்க வேண்டிய ரன்வேய அந்த மூடின ரன்வேன்னு நெனச்சிட்டு, பிளேன் ரன்வேக்கு ஊர்ந்து போற பாதையான டாக்ஸிவேய ரன்வேன்னு நெனச்சு நேரா அதுல இறங்கப் போனாங்க. அங்க 4 பிளேன் நிறைய ஆளுங்களோட வரிசையில காத்திட்டு இருக்கு. ஏறத்தாழ 60 அடி வரைக்கும் வந்துட்டு மேல தூக்கியிருக்காங்க. துணைக்கு ஐ.எல்.எஸ். டியூன் பண்ணியிருக்கணும், பண்ணல. பண்ணியிருந்தா ஊசி ஓரமாப் போயி காட்டிக் குடுத்திருக்கும்.

என் மரமண்டைக்கு எட்டின வரை ஒண்ணுதான் சொல்லுவேன், மெஷின் முழுசா ஓட்டும்போதும் பயமில்ல, முழுசா கையிலயும் பயமில்ல, பாதி அது பாதி நான்னு இருக்கும்போது எந்தப் பாதி யாருதுன்னு ரெண்டு பேருக்கும் தெரியாமப் போற அந்த நேரந்தான் டேஞ்சர். பொண்ணு நடுவுல புகுந்து "நார்த் ஈஸ்ட் லைன்ல டிரைவரே இல்லையே, பிளேனுக்கு மட்டும் ஏன்"னு கேட்டா. 2003லேர்ந்து அப்படித்தான் ஓடுது, நியாயமான கேள்வி. ரயிலுக்கு சந்தேகம் வந்தா அப்படியே நின்னுக்கும்டி, நாங்க எங்க நிக்கிறதுன்னான் மச்சினன்.

எங்க வீடு செங்காங், செலேத்தார் ஏர்போர்ட் பக்கம். அங்க அப்பல்லாம் விஷுவலாத்தான் இறங்கிட்டு இருந்தாங்க. 2018 கடைசியில ஐ.எல்.எஸ். போடலாம்னு நம்ம ஆளுங்க கிளம்ப, அந்தப் பாதை மலேசியாவுல இருக்கிற பாசிர் கூடாங்குக்கு மேல வரும், அங்க கட்டட உயரம் அடிபடும்னு மலேசியா பிடிச்சுக்கிச்சு, எவ்ளோ பெரிய தகராறு, மலேசியாவோட ஃபயர்ஃபிளை விமான சர்வீஸே நின்னு போயி 2019 ஏப்ரல்லதான் திரும்பி வந்துச்சு. ஐ.எல்.எஸ். திட்டத்த வாபஸ் வாங்கிட்டு ஜி.பி.எஸ். வழியா ஒண்ணு பண்ணலாம்னு பேசி முடிச்சாங்க. கண்ணுக்கே தெரியாத ஒரு ரேடியோ கோட்டுக்காக ரெண்டு நாடு மல்லுக்கட்டினது அப்ப எனக்குக் காமெடியா இருந்துச்சு. கடல்ல விழுந்த அப்புறம் அப்படித் தோணல.

அடுத்த மாசம் திரும்பப் போறேன், முதல்லேர்ந்தே கோடு வேணாம்னு அந்தத் தம்பிகிட்ட சொல்லிட்டேன். இந்தத் தடவை காசு உங்க கையிலேர்ந்துதான்னு வீட்டம்மா சொல்லிட்டாங்க.