முதல் ஆயிரம் கிலோமீட்டர்

புதுக் காடி (கார்) கைக்கு வந்த அன்று மீட்டரில் 31 கிலோமீட்டர் இருந்தது. சுங்கை சிப்புட்டில் கோயில் வாசலில் நான்கு எலுமிச்சம்பழத்தை நசுக்கி, தேங்காய் உடைத்து, வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தியபோது 36. அப்பா இறங்கி பானெட்டின் மேல் கை வைத்துப் பார்த்தார். "ஆயிரம் ஓடுற வரைக்கும் அறுபதைத் தாண்டக் கூடாதும்மா."

அவர் சொன்னால் லேசில் மறுக்க முடியாது. 30 வருஷம் தோட்டத்து லோரி ஓட்டியவர். எனக்கு விவரம் தெரிந்த நாளில் வீட்டில் ஒரு பழைய டட்சன் 120ஒய் இருந்தது. அதன் இஞ்சின் சிலிண்டரைக் குடைந்து, பிஸ்டன், ரிங் எல்லாம் மாற்றிக் கொண்டுவந்த பிறகு ஒரு மாதம் மாட்டு வண்டி மாதிரிதான் ஓட்டினார். பள்ளிக்கூடப் பஸ் எங்களை முந்திப் போகும். நான் ஜன்னலுக்குக் கீழே குனிந்துகொள்வேன்.

என்னுடையது பெரோடுவா பெசா. 1.0 லிட்டர், மூன்று சிலிண்டர், மேனுவல் கியர். கையேட்டைப் புரட்டினால் 60 என்ற எண்ணே இல்லை. திடீரென்று மிதிக்காதே, அதிவேகம் வேண்டாம், ஒரே வேகத்தில் நீண்ட நேரம் ஓட்டாதே என்கிற மாதிரிதான் இருந்தது. கடைசியாகச் சொன்னது எனக்குப் புரியவில்லை. ஒரே சீராக ஓட்டுவதுதானே நல்லது?

புரியாததால்தான் தப்பும் செய்தேன். இரண்டாவது வாரம் தாப்பாவில் ஒரு கல்யாணம். ஈப்போவில் நெடுஞ்சாலை ஏறி, இடப்பக்கத் தடத்திலேயே, ஐந்தாவது கியரில் 90. முள் அசையவில்லை. முக்கால் மணி நேரத்துக்குப் பக்கம் அப்படியே போனேன். திரும்பி வரும்போதும் அதே கதை. பெருமையாகப் பட்டறை அண்ணனிடம் சொன்னேன். அவர் தே தாரிக்கைக் கீழே வைத்தார். "டீச்சர், பிள்ளையை ஒரே நாற்காலியில் நாள் முழுக்க உட்கார வைத்த மாதிரி இருக்கு."

அப்புறம் பட்டறையின் பின்பக்கம் அழைத்துப் போனார். பிரித்துப் போட்ட ஒரு இஞ்சின் பிளாக்கில் சிலிண்டரின் உட்சுவரை டார்ச் அடித்துக் காட்டினார். வழுவழுவென்று இருக்கும் என்று நினைத்தேன், இல்லை. பால் மரத்தில் வெட்டுக்கோடு போடுவார்களே, அந்த மாதிரி சாய்வான மெல்லிய கோடுகள், இரண்டு பக்கமும் சாய்ந்து ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு. வெட்டுக்கோட்டில் பால் நிற்பது போல இந்தக் கோடுகளில்தான் எண்ணெய் தங்குமாம். கோடுகளின் மேல்விளிம்பு புதிதில் கூராக இருக்கும். பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங் மேலும் கீழும் உரசி அந்தக் கூர்மையைத் தேய்த்துத் தனக்கு இடம் பண்ணிக்கொள்ள வேண்டும். ரிங்கைச் சுவரோடு அழுத்துவது அதன் சொந்த விறைப்பு மட்டுமில்லை. வெடிக்கிற வாயுவும் பின்னால் போய்த் தள்ளுகிறது. ரொம்பப் பூப்போல ஓட்டினால் அந்த அழுத்தம் போதாது. எண்ணெய் சுவரில் காய்ந்து கண்ணாடி மாதிரி ஆகிவிடும், பிறகு காலமெல்லாம் இஞ்சின் எண்ணெய் குடிக்கும். கண்டபடி மிதித்தாலோ சூடேறி உரசல் அதிகம். இப்போதைய தொழிற்சாலைகள் அந்தச் சுவரை முன்பைவிட நன்றாகவே தேய்த்து அனுப்புகின்றன, அதனால் அப்பா காலத்து ஆமை வேகம் தேவையில்லை என்றார். தாப்பா பயணத்தால் ஒன்றும் கெட்டுவிடாது, ஆனால் இனி வேகத்தை ஏற்றி இறக்கு என்றார்.

சரி, எங்கே ஏற்றி இறக்குவது? வீட்டிலிருந்து பள்ளி 4 கிலோமீட்டர். டேஷ்போர்டில் இஞ்சின் குளிர்ந்திருப்பதைக் காட்டும் நீல விளக்கு அணைந்து கொஞ்ச நேரத்தில் பள்ளி வாசல் வந்துவிடும். இஞ்சின் முழுச் சூடு கூட ஆகியிருக்காது. அந்தக் கணக்கில் ஆயிரம் ஓட அரை வருஷம் ஆகும்.

அதனால் சனிக்கிழமைகளில் பழைய கூட்டரசு சாலை. கோலகங்சார், பாடாங் ரெங்காஸ், புக்கிட் பெராப்பிட் ஏற்றம், தைப்பிங், அதே வழியில் திரும்பி வீடு. போக வர நூறு கிலோமீட்டருக்கு மேல். முதல் பத்து நிமிஷம் மெதுவாக. சூடான பிறகு, பின்னால் யாரும் இல்லை என்றால் மூன்றாவது கியரில் 50-லிருந்து சீராக அழுத்தி 75 வரை ஏற்றுவேன். உடனே காலை எடுத்து, கியரை விடாமல், தானாக 50-க்கு இறங்க விடுவேன். மறுபடி ஏற்றம், மறுபடி இறக்கம். அப்பாவுக்குத் தலை சுற்றியது. பாடாங் ரெங்காஸ் வந்ததும் நிறுத்தச் சொல்லிப் பசியாறினார்.

மலை ஏற்றத்தில்தான் எங்களுக்குள் சண்டை. முன்னால் ஒரு செம்பனைப் பழ லோரி ஊர்ந்தது. நான் நான்காவது கியரிலேயே தொடர்ந்தேன், ஏனென்றால் பக்கத்தில் அப்பா, "கியரைக் குறைக்காதே, இஞ்சின் கத்தும்." மூன்று சிலிண்டர் காடி அந்த நிலையில் நடுங்கும் பாருங்கள், கையில் ஸ்டியரிங் குளிர்ஜுரம் வந்த மாதிரி உதறியது. குறைந்த சுழற்சியில் பாரம் இழுக்க வைப்பதும் கெடுதல்தான் என்று பட்டறையில் சொல்லியிருந்தார்கள். இரண்டுக்கு மாற்றினேன். சுழற்சி காட்டும் முள் 3,000-ஐத் தாண்டியது, உதறல் நின்றது. அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இஞ்சினையே கவனித்துக்கொண்டிருந்ததில் பிரேக்கும் டயரும் புதுசு என்பதை மறந்துவிட்டேன். லிந்தாங் பாதையில் மழை, வளைவில் ஒரு தோட்டத்து மாடு. மிதித்தேன். நினைத்த இடத்தில் நிற்கவில்லை. மாட்டுக்கும் பம்பருக்கும் நடுவே ஒரு முழம் இருந்திருக்கும். புது டயரின் மேல்பூச்சு தேயும்வரை பிடிப்பு குறைவு, பிரேக் பேடும் டிஸ்க்கில் படிய வேண்டும். முதல் 300 கிலோமீட்டருக்குத் தூரம் விட்டு ஓட்டுங்கள். மாடு நகரவே இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

வாரம் ஒரு முறை எண்ணெய்க் குச்சியை இழுத்துப் பழைய துணியில் துடைத்துப் பார்த்தேன், அளவு குறையவில்லை. 1,020-இல் முதல் சர்வீஸ். வடித்த இஞ்சின் எண்ணெயைப் பார்க்கணும் என்று கேட்டேன். இளைஞன் ஒருவன் சிரித்துக்கொண்டே தட்டை வெளிச்சத்துக்கு நகர்த்தினான். தேன் நிறம், சாய்த்தால் மட்டும் மீன் செதில் பொடித்த மாதிரி ஒரு மினுக்கு. அந்தக் கூர்விளிம்புகள் போன இடம்.

அடுத்த வாரம் அப்பாவுக்குப் பினாங்கில் கண் டாக்டர். கோலகங்சார் டோலைத் தாண்டி முதல்முறையாக 110-க்கு ஏற்றினேன். அவர் முள்ளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"பத்து மணிக்குத்தானே வரச் சொன்னாங்க?"