ஜடைப் படம்

ஆகஸ்ட் 3, 2025, ஞாயிறு. செம்பூர், மும்பை

கும்பகோணத்திலிருந்து அத்தை பேசினார். 29-ஆம் தேதி வைத்தீஸ்வரன் கோயிலில் சின்னவனுக்கு மொட்டை, காதுகுத்து. "முடி இறக்குவதற்கு முன்னால் ஜடை தைத்து, கண்ணாடி வைத்து ஒரு படம் எடுத்துவிடம்மா. அவன் அப்பாவுக்கு எடுத்தோமே, அது மாதிரி."

அது மாதிரி என்றால் எது மாதிரி என்று எனக்குத் தெரியும். ஊர் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறது. பட்டுப்பாவாடையும் நெற்றிச்சுட்டியுமாக நாற்காலியில் என் கணவர். பின்னால் சாய்த்து வைத்த கண்ணாடியில் தாழம்பூ தைத்த ஜடை, குஞ்சலம் வரை. கல்யாணமான புதிதில் அது அவருடைய அக்கா என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவருக்கு அக்காவே கிடையாது.

2,500 ரூபாய்க்கு மேல் போகக்கூடாது என்று வீட்டில் உத்தரவு. கைப்பேசியிலேயே எடுத்தால் என்ன என்று ஒரு யோசனையும் வந்தது. அலமாரிக் கண்ணாடி முன்னால் முயன்று பார்த்தோம். படத்தில் கைப்பேசியும் என் நைட்டியும் மிகத் தெளிவாக வந்திருக்கின்றன.

ஆகஸ்ட் 6, புதன்

மதிய இடைவேளையில் ஐந்து ஸ்டூடியோக்களுக்குப் பேசினேன். "கண்ணாடியில் பின்னல் தெரிய வேண்டும்" என்று இந்தியில் சொல்லிப் புரிய வைப்பதற்குள் நாக்கு வறண்டது. கிருஷ்ணர் வேஷமா என்று இரண்டு பேர் கேட்டார்கள். கோகுலாஷ்டமி நெருங்குகிறது, அவர்கள் மேல் தவறில்லை.

பெரிய வணிக வளாகத்தில் இருக்கும் ஒன்றில் 999 ரூபாய் என்றார்கள். ஆகா என்று குறித்துக்கொண்டேன். பிறகுதான் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. நாற்பது படம் எடுப்பார்கள்; 999-க்கு ஒரு பிரதியும் இரண்டு கோப்புகளும் மட்டும். மற்றதெல்லாம் கோப்பு ஒன்றுக்கு 350. அதன் மேல் ஜிஎஸ்டி 18 சதவீதம். பத்துப் படம் கூடுதலாக வாங்கினால் 5,300 ரூபாயைத் தாண்டுகிறது. பெற்ற பிள்ளையின் முகத்தைத் திரையில் வரிசையாகக் காட்டி 'இது வேண்டாமா, இதுவும் வேண்டாமா?' என்று கேட்டால் எந்த அம்மா வேண்டாம் என்பாள்? முதல் விலை நம்மை உள்ளே வரவழைப்பதற்கு மட்டும்தான்.

ஆகஸ்ட் 9, சனி

ரக்ஷா பந்தன் என்பதை மறந்து வீட்டுப் பக்கத்து ஸ்டூடியோ ஒன்றுக்குப் போய் நின்றோம். ஒரே நிறத்தில் உடுத்திய அண்ணன் தங்கைகள் வாசல் வரை வரிசை. ஒன்றரை மணி நேரம் காத்திருந்தோம். அதற்குள் சின்னவனின் தூக்க நேரம் வந்துவிட்டது.

உள்ளே பஞ்சு மெத்தை, கூடை, முயல் காது வைத்த தொப்பி. தொப்பியை மோந்து பார்த்தேன். நமக்கு முன்னால் எத்தனை தலைகள் ஏறின என்று அதுவே சொன்னது. எடுக்கிற பையன் குழந்தையின் முகத்துக்கு நேரே கை தட்டி விசில் அடித்தான். சின்னவன் அழுத அழுகையில் வரிசையில் இருந்த குழந்தைகளும் சேர்ந்துகொண்டன.

கையெழுத்துக்கு ஒரு தாள் நீட்டினார்கள். படங்களின் உரிமை ஸ்டூடியோவுக்கே, விளம்பரத்துக்கும் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று அதில் ஒரு வரி. வக்கீல் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறவளுக்கு இந்த அளவுக்காவது தெரியாமல் போகுமா? நாம் பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, நாம்தான் முதல் உரிமையாளர். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம், 17-ஆவது பிரிவு. அந்த 'வேறு ஒப்பந்தம்'தான் இந்தத் தாள். வரியை அடித்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிறேன் என்றேன். முடியாது என்றார்கள். மூத்தவள் முயல் தொப்பியைக் கழற்ற மறுத்ததால் வெளியேற இன்னும் கால் மணி நேரம் ஆயிற்று.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

ஜடைக்குச் சொல்லி வைக்க மாட்டுங்கா பூக்கடைக்குப் போனேன். பூக்காரம்மாள்தான் வழி காட்டினார்: "இந்தச் சந்து முனையில் ஒரு மாமா இருக்கிறார், போய்க் கேள்."

ஒரு கதவுதான் அகலம். மாமா பாலக்காட்டுத் தமிழ் பேசுகிறார். "ஜடைப் படமா?" என்று கேட்டுவிட்டு எழுந்து உள்ளே போனார். தோளுயரக் கண்ணாடி ஒன்றைத் துணியால் துடைத்துக்கொண்டே வந்தார். நான் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அவர்தான் எனக்கு விளக்கினார். கண்ணாடியைக் கேமராவுக்கு நேராக வைத்தால் ஃபிளாஷ் வெளிச்சம் அப்படியே லென்ஸுக்குத் திரும்பி வரும், எடுக்கிறவரும் படத்தில் விழுவார். அதனால் கண்ணாடியைச் சற்றுத் திருப்பி, பிள்ளையையும் கால்வாசி திருப்பி உட்கார்த்த வேண்டும். இன்னொரு சிக்கல் நான் யோசித்தே இராதது. ஜடை கண்ணாடியின் மேல் ஒட்டியிருப்பதாக நமக்குத் தோன்றுகிறது. லென்ஸுக்கு அப்படி இல்லை. கண்ணாடிக்கு முன்னால் ஜடை இரண்டடியில் இருந்தால், கண்ணாடிக்குப் பின்னாலும் இரண்டடி தள்ளி இருப்பதாகத்தான் அதற்குக் கணக்கு. முகமும் ஜடையும் சேர்ந்து துல்லியமாக வர லென்ஸின் துவாரத்தை நன்றாகச் சுருக்க வேண்டும். சுருக்கினால் வெளிச்சம் போதாது. அதற்காக இரண்டு பெரிய ஃபிளாஷ். அந்த மின்னல் நேரம் மிகக் குறைவு என்பதால் பிள்ளை ஆடினாலும் படம் கலங்காது.

விலை 1,800. 8-க்கு 12 அங்குலத்தில் இரண்டு பிரதிகள், எடுத்த படங்கள் எல்லாம் முழு அளவில் நம் பென் டிரைவில். "வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லாதீர்கள், அது பாதியைத் தின்றுவிடும்" என்றார். இந்த அளவுக்குப் பிரதி போட 2,400-க்கு 3,600 புள்ளிகளாவது வேண்டுமாம்.

நேரத்தையும் அவரே சொன்னார். தூங்கி எழுந்து, சாப்பிட்டு முடித்த பிறகு. வார நாளாக இருந்தால் நல்லது. செவ்வாய்க்கிழமை, 19-ஆம் தேதி பத்து மணி என்று முடிவாயிற்று. அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

மழை. நேற்றே ஆரம்பித்தது. பள்ளிகளுக்கு விடுமுறை, ஹார்பர் லைனில் ரயில்கள் நின்றுபோயின. எங்கள் தெருவில் முழங்கால் தண்ணீர். மாமா அவராகவே கூப்பிட்டு, சனிக்கிழமை வாருங்கள் என்றார்; முன்பணம் பற்றிப் பேச்சே இல்லை.

ஜடைதான் பாவம். நேற்று மாலை நனைந்துகொண்டே போய் வாங்கி வந்தது, 650 ரூபாய். ஈரத்துணியில் சுற்றிக் குளிர்பெட்டியில் வைத்திருந்தேன். சனி வரை தாங்காது. மூத்தவளுக்குச் சவுரி வைத்துக் கட்டி அதைப் பொருத்திவிட்டேன். நாள் முழுவதும் அதோடு ஜன்னலில் நின்று தண்ணீரில் மிதந்துபோகும் செருப்புகளை எண்ணிக்கொண்டிருந்தாள்.

ஆகஸ்ட் 23, சனி

எடுத்தாயிற்று.

சின்னவன் வண்டியிலேயே தூங்கி, ஸ்டூடியோ வாசலில் விழித்தான். மாமா அவனைப் பார்க்கவே இல்லை. தரையில் உட்கார்ந்து ஒரு காலி ஃபிலிம் டப்பாவை உருட்டிக்கொண்டிருந்தார். பத்து நிமிடத்தில் இவன் தானாகப் போய் அவர் மடியில் ஏறினான். இவனுக்கு இருக்கிற முடியில் சவுரியைக் கட்டுவதற்குள் எனக்கு வியர்த்தது. பாவாடை, சுட்டி, புது ஜடை எல்லாம் ஆயிற்று. நாற்காலியில் உட்கார்த்தினோம். சட்டென்று திரும்பிக் கண்ணாடியைப் பார்த்தான். உள்ளே இன்னொரு பாப்பா. அவ்வளவுதான், அதற்குப் பிறகு இந்தப் பக்கம் திரும்பவே மாட்டேன் என்கிறான். கிலுகிலுப்பை, பிஸ்கட், அக்காவின் பாட்டு, எதுவும் எடுபடவில்லை.

மாமா கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கண்ணாடியையும் விளக்கையும் இடம் மாற்றினார். இப்போது ஜடை நமக்கு நேராக, முகம் கண்ணாடிக்குள். இரண்டு பற்களும் தெரியச் சிரிக்கிறான்.

கிளம்பும் முன் பாஸ்போர்ட்டுக்கும் ஒன்று எடுத்துக் கொடுத்தார். நான்கு வயதுக்குள் இருக்கும் குழந்தைக்கு வெள்ளைப் பின்னணியில் 4.5-க்கு 3.5 சென்டிமீட்டர் படம் நாமே கொண்டுபோக வேண்டும். என் மடியில் வெள்ளைத் துணியைப் போட்டு உட்காரவைத்து ஒரே சொடுக்கு. காசு வாங்கவில்லை.

ஆகஸ்ட் 25, திங்கள்

பிரதிகள் வந்துவிட்டன. ஒன்றைப் படம் பிடித்து அத்தைக்கு அனுப்பினேன். "என்னம்மா, பிள்ளை திரும்பி உட்கார்ந்திருக்கிறானே?" என்றார். பத்து நிமிடம் கழித்து மறுபடியும் அழைத்தார். "ஜடை நன்றாக விழுந்திருக்கிறது. தாழம்பூ அங்கே கிடைக்கிறதா?"

நாளை ரயில். பிரதி இரண்டையும் அட்டைக்கு நடுவில் வைத்து, இவருடைய வேட்டிகளுக்கு இடையே பெட்டியில் வைத்திருக்கிறேன். மொத்தச் செலவு 2,450 என்று வீட்டில் சொன்னேன். உத்தரவுக்குள் முடித்ததற்குப் பாராட்டும் கிடைத்தது. மழையில் போன ஜடையின் 650 மளிகைக் கணக்கில் இருக்கிறது. அவர் இந்த நாட்குறிப்பைப் படிப்பதில்லை.