ஏழு பேர் குழு: பொறுப்பாசிரியரின் நாட்குறிப்பு

ஜூன் 28, 2025, சனி. கடலூர்

‘ஒடிசி ஆஃப் தி மைண்ட்’ என்னும் மாணவர் படைப்பாற்றல் போட்டியின் விதிகளைத் தழுவி எங்கள் பள்ளியிலேயே ஒரு போட்டி நடத்துவதென்று முடிவாகி, ஒன்பதாம் வகுப்புக் குழு ஒன்றுக்கு நான் பொறுப்பேற்றிருக்கிறேன். அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் பேராசிரியர் சாம் மிக்லஸ் 1978இல் தொடங்கி வைத்த போட்டி அது. குழுவில் ஏழு பேர் வரை இருக்கலாம். பல வாரம் உழைத்து உருவாக்கும் தீர்வுக்கு 200, அங்கேயே கொடுக்கப்படும் உடனடிப் புதிருக்கு 100, அரங்கேற்றும் நயத்துக்கு 50 என்று மதிப்பெண்கள் பிரிக்கப்பட்டுள்ளன. இவை எல்லாவற்றையும் விட எனக்குப் பெரிதாகப் படுவது, வெளியார் உதவி கூடவே கூடாது என்னும் விதி. பெற்றோர் செய்து கொடுத்த மாதிரிகளுக்கு அருகே, மனப்பாடம் செய்த விளக்கத்துடன் பிள்ளைகள் நிற்பதை அறிவியல் கண்காட்சிகளில் ஆண்டுதோறும் பார்த்து வருந்தியவன் நான். அந்த ஒரு விதிக்காகவே இப்பொறுப்பை விரும்பி ஏற்றேன்.

ஜூலை 5, சனி

மூலப் போட்டியில் பால்சா என்னும் மிக லேசான மரத்தாலும் பசையாலும் மட்டுமே ஆன, சில கிராம் எடையுள்ள கோபுரத்தின் மீது எடைத் தட்டுகளை அடுக்குவார்கள். நாங்கள் பால்சாவுக்குப் பதிலாகத் தென்னை ஈர்க்குச்சியை வைத்துக்கொண்டோம். கோபுரம் 30 கிராமைத் தாண்டக் கூடாது, உயரம் 20 செ.மீ.க்குக் குறையக் கூடாது. பிள்ளைகளின் கோபுரங்கள் இன்று ஒன்றன்பின் ஒன்றாகச் சரிந்தன. மெலிந்த தூண் நசுங்கி உடைவதில்லை, பக்கவாட்டில் வளைந்த பிறகுதான் ஒடிகிறது. தாங்கலற்ற நீளத்தைப் பாதியாக்கினால் அத்தூண் நான்கு மடங்கு சுமையைத் தாங்கும் என்று கணித மேதை ஆய்லர் 18ஆம் நூற்றாண்டிலேயே காட்டியிருக்கிறார். அதைச் சொல்லிவிட நாக்கு துடித்தது. வகுப்பில் எல்லா மாணவருக்கும் பொதுவாகப் பாடமாக நடத்துவது வேறு, இவர்கள் கோபுரத்தைச் சுட்டிக்காட்டி இந்த இடத்தில் குறுக்குக் குச்சி வை என்பது வேறு. ஆகவே, முதலில் எந்தப் பகுதி அசைந்தது என்று மட்டும் கேட்டேன். அடுத்த கோபுரத்தின் பக்கத்தில் கண்ணைத் தாழ்த்தி உட்கார்ந்து பார்க்க அந்தக் கேள்வியே அவர்களுக்குப் போதுமானதாக இருந்தது.

ஜூலை 12, சனி

தச்சு வேலை செய்யும் தந்தை ஒருவர் வந்து, “சார், நீங்க சரின்னு சொன்னா குச்சியெல்லாம் நானே சீவித் தந்துடறேன்” என்றார். அவருடைய அன்பைத் தட்டிக் கழிப்பது கடினமாக இருந்தது. ஆனால் திறனைக் கற்றுக்கொடுப்பதற்கு விதியில் தடையில்லை. அவர் கழிவுக் குச்சிகளை எடுத்து, முனையைச் சாய்வாகச் சீவினால் பசை பிடிக்கும் பரப்பு கூடுவதையும், உப்புத்தாளை எந்தப் பக்கம் தேய்ப்பது என்பதையும் காட்டினார். கோபுரத்தை அவர் தொடவே இல்லை. ஒரு மணி நேரத்தில் நான் கண்ட மிகச் சிறந்த வகுப்பு அது.

ஜூலை 24, வியாழன்

உடனடிப் புதிருக்கான பயிற்சி. வழக்கமான விடைக்குக் குறைவாகவும் புதுமையான விடைக்குக் கூடுதலாகவும் மதிப்பெண் தருவதுதான் இதன் முறை. ஓட்டைக் குடம் எதற்கெல்லாம் பயன்படும் என்று கேட்டேன். பூந்தொட்டி, கோழிக்கூடு என்று விடைகள் வந்துகொண்டிருந்தபோது, அதிகம் பேசாத ஒரு மாணவி, ஓட்டை இருக்கும் மட்டத்தைக் குறித்துக்கொண்டு குடத்தைத் தூணில் கட்டிவிட்டால், வெள்ளம் வடிந்த பிறகும் அது அந்த மட்டத்தைத் தொட்டதா என்று உள்ளே நிற்கும் நீர் சொல்லும் என்றாள். ஃபெஞ்சல் புயலை ஒட்டிச் சென்ற டிசம்பரில் தென்பெண்ணை கரைபுரண்டதைப் பார்த்த பிள்ளை அவள். மதிப்பெண் போட வேண்டும் என்பதையே ஒரு கணம் மறந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 2, சனி

போட்டி முடிந்தது. குறுக்குக் குச்சிகளைத் தாங்களாகவே கண்டுபிடித்து வைத்திருந்த எங்கள் கோபுரம் 41 கிலோ வரை நின்று இரண்டாமிடம் பெற்றது. வேறொரு குழு திருகுபடிபோல் சுழன்றேறும் கோபுரத்தைக் கொண்டுவந்தது. அது முதல் தட்டிலேயே சரிந்தது, மதிப்பெண் பட்டியலில் அவர்களுக்கு ஏறக்குறைய எதுவும் இல்லை. மூலப் போட்டியில் இத்தகைய துணிவுக்கென்றே ஒரு நீர்ப்பூச்சியின் பெயரால் ‘ரனாட்ரா ஃபஸ்கா’ விருது இருக்கிறது; அசாதாரணமான கற்பனைக்குத் தரப்படும் அதைப் பெற வெற்றி பெற்றிருக்க வேண்டியதில்லை. அதைப் போன்ற விருதொன்றை அடுத்த ஆண்டு விதிகளில் சேர்க்கக் கோரும் கடிதத்தை எழுதி முடித்துவிட்டேன், திங்களன்று தலைமையாசிரியரிடம் கொடுப்பேன்.