கட்டியின் மரபணு ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்குங்கள்

பெரியப்பாவின் பெருங்குடல் புற்றுநோய் ஈரலுக்குப் பரவியிருக்கிறது என்று ஸ்கேனில் வந்ததிலிருந்து, உப்புவெளிச் சொந்தங்கள் எல்லாரும் ஒரே கேள்விதான் கேட்கிறார்கள்: "சி.இ.ஏ. எவ்வளவு?" அந்த ஒரு எண்ணை வைத்துக்கொண்டு யாரும் பயப்படவும் வேண்டாம், நிம்மதி அடையவும் வேண்டாம். 1965இல் கண்டுபிடித்த, இந்தப் புற்றுநோய் இருந்தால் இரத்தத்தில் கூடக்கூடிய ஒரு புரதம் அது. சுருட்டு, சிகரெட் பிடிப்பவர்களுக்கும் கொஞ்சம் கூடும், சிலருக்கு நோய் பரவிய பிறகும் கூடாது. ஒப்பரேஷனுக்குப் பிறகு அது படிப்படியாக ஏறுகிறதா என்று பார்க்கத்தான் பெரிதும் உதவும்.

ஏன் ஈரல்? ஏ.எல். பயோ படித்தவர்களுக்கு ஈரல் வாயினாளம் ஞாபகம் இருக்கும். குடலில் இருந்து திரும்பும் இரத்தத்தில் பெரும்பகுதி இதயத்துக்குப் போகுமுன் அதன் வழியாக ஈரலுக்குள் நுழைகிறது, கட்டியிலிருந்து பிரிந்த செல்களும் அதே வழியில்தான் போய்த் தங்குகின்றன.

சரி, இப்போது நான் சொல்ல வந்தது. மருந்தைத் தீர்மானிப்பதில் கட்டியின் மரபணுவுக்குப் பெரிய பங்கு இருக்கிறது. செட்டுக்ஸிமாப், பனிட்டுமுமாப் என்ற விலை கூடிய ஊசிகள் செல்லின் மேற்பரப்பில் இருந்து 'வளர்' என்ற சைகையை வாங்கும் ஈ.ஜி.எஃப்.ஆர். என்ற ஏற்பியை அடைக்கின்றன. ஆனால் அந்தச் சைகையை உள்ளே கடத்தும் கே-ராஸ் மரபணு மாறியிருந்தால், சாவியைக் கழற்றினாலும் நிற்காத போட் எஞ்சின் மாதிரி செல் வளர்ந்துகொண்டே இருக்கும், ஊசி பெரும்பாலும் வீண். பெருங்குடல் புற்றுநோயாளர்களில் ஏறக்குறைய 40 சதவீதமானவர்களுக்கு இந்த மாற்றம் இருக்கிறது, பெரியப்பாவுக்கும் இருந்தது. காணியை ஈடு வைத்தாவது அந்த ஊசியை வாங்குவோம் என்று அண்ணா சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில் ரிப்போர்ட் வந்தது. பி-ராஃப் என்ற இன்னொரு மரபணுவின் மாற்றம் இதைவிடக் குறைவு, ஆனால் நோய் வேகமாகப் போகும்.

இதற்காக ஆளைத் திரும்ப வெட்டத் தேவையில்லை. முதலில் எடுத்த கட்டித் துண்டை மெழுகில் பதித்து ஆய்வுகூடத்தில் வைத்திருப்பார்கள், பெரும்பாலும் அதிலேயே சோதிக்கலாம். கிளினிக்கில் டொக்டரிடம் தயங்காமல் கேளுங்கள், மகரகம புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினால் பழைய பயொப்சி ரிப்போர்ட்டையும் மறக்காமல் கொண்டுபோங்கள். ஈரலில் வந்துவிட்டது என்றால் எல்லாம் முடிந்தது என்றும் நினைக்காதீர்கள், அந்தப் பகுதியை வெட்டி எடுக்க முடிந்தவர்களில் பலர் 5 வருடத்தைத் தாண்டி வாழ்கிறார்கள்.

அப்புறம் எம்.எஸ்.ஐ. சோதனை, கட்டியின் செல்களில் மரபணுப் பிழைகளைத் திருத்தும் வேலை கெட்டிருக்கிறதா என்று பார்ப்பது. நோய் பரவியவர்களில் சுமார் 5 சதவீதத்தினருக்கே அது பொசிட்டிவாக வரும், வந்தால் பெம்ப்ரோலிசுமாப் போன்ற நோயெதிர்ப்பு மருந்து நன்றாக வேலை செய்யலாம். குடல் புற்றுநோய் வரும் வாய்ப்பைக் கூட்டும் லிஞ்ச் என்ற பரம்பரைக் குறைபாட்டாலும் அப்படி வரலாம் என்பதால், அந்த முடிவு வரும்வரை காத்திருக்காமல் அப்பாவும் பெரியப்பாவின் பிள்ளைகளும் கொலனோஸ்கோப்பி என்ற, பெருங்குடலுக்குள் கமரா விட்டுப் பார்க்கும் சோதனையைப் பற்றி டொக்டரிடம் கதைத்து வைக்க வேண்டும் என்று நான் வீட்டில் விடாமல் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.