மைக்ரோவேவில் வேதிவினை ஏன் சீக்கிரம் முடிகிறது?

எட்டு மணி நேர ரிஃப்ளக்ஸ் (கரைப்பானைக் கொதிக்கவிட்டு, ஆவியைக் குளிர்வித்துத் திரும்ப உள்ளேயே விழவைத்துச் செய்யும் வினை) மைக்ரோவேவில் சில நிமிடங்களில் முடிகிறது என்றதும், அலை நேராகப் போய் வேதிப்பிணைப்பையே உடைக்கிறது என்று இன்னமும் சிலர் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அதெல்லாம் இல்லை. 2.45 கிகாஹெர்ட்ஸ் அலையின் ஆற்றல் அதற்குக் கிட்டக்கூட வராது.

நடப்பது வெறும் சூடுதான். எத்தனாலின் கொதிநிலை 78 டிகிரி, திறந்த ரிஃப்ளக்ஸில் அதற்கு மேல் போக வழியில்லை. அழுத்தம் தாங்கும் மூடிய குழாயில் அதே எத்தனாலை 158 வரை சட்டென்று ஏற்றலாம், பத்து டிகிரிக்கு வேகம் இரட்டிப்பு என்கிற பழைய தோராயக் கணக்கைப் போட்டால் 256 மடங்கு, அதாவது எட்டு மணி நேரம் இரண்டு நிமிடத்துக்கும் கீழே வந்துவிடுகிறது.

1986-ல் வந்த முதல் கட்டுரைகள் வீட்டு அவனில் செய்தவை. அப்புறம் பல வருடம் 'மாய மைக்ரோவேவ் விளைவு', அதாவது சூட்டைத் தாண்டி அலையே ஏதோ செய்கிறது என்று ஒரே சண்டை. ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் வேதியியலாளர் காப்பேயின் குழு சிலிக்கான் கார்பைடு குழாயில் செய்து பார்த்தது. அந்தக் குழாயே அலையை உறிஞ்சிச் சூடாகும், உள்ளே கலவைக்கு அநேகமாக எதுவும் போகாது. ஆனாலும் பெரும்பாலான வினைகளில், அலை உள்ளே போகும் சாதாரணக் கண்ணாடிக் குழாயில் கிடைத்த அதே விளைச்சல்தான்! ஆக, வேலை செய்தது சூடு, அலை இல்லை.

கரைப்பானும் முக்கியம். எத்திலீன் கிளைக்கால், டிஎம்எஸ்ஓ மளமளவென்று சூடேறும், ஹெக்சேன் சும்மா உட்கார்ந்திருக்கும்.

எனக்கு எரிச்சல் வருவது '800 வாட், 5 நிமிடம்' என்று மட்டும் எழுதும் கட்டுரைகளைப் பார்த்தால்தான். வெப்பநிலை எங்கே? அதை வைத்து யார் திரும்பச் செய்வது?